கழித்துக்கொள்ளலாம்

நான்காம் இரவு. பிரஸ்ஸல்ஸில் மழை.
கண்ணாடிக் கூண்டுக்குள் நான்,
காதில் ஒரு தேசம், வாயில் இன்னொரு தேசம்.

எட்டாம் பிரிவில் ஒரு சொல்லிடம்
இரண்டு மணி நேரமாக மாட்டிக்கொண்டிருக்கிறோம்.
ஒத்துப்போதல் போதும் என்கிறது இடப்பக்க மேசை.
ஒத்துழைத்தல் வேண்டும் என்கிறது வலப்பக்கம்.
முன்னது, என் அலை உன் அலையை மிதிக்காமல் போவது.
பின்னது, நடுக்கடலில் ஒருவன் கையிலிருக்கும் பெட்டிக்கு
நம்மில் யார் பேசினாலும் புரிவது.
ஒரே மாடியில் குடியிருப்பதற்கும்
ஒரே அடுப்பில் உலை வைப்பதற்கும் உள்ள தூரம்.

பிறகு வணிகம் வந்தது, குடையை உதறிக்கொண்டு.
எந்த ஊரில் செய்த பெட்டியானாலும்
சந்தைக்குள் விடவேண்டும்.
சிக்னலின் இலக்கணத்தை மறைத்து வைத்து
சொந்தக் கம்பெனியின் காதில் மட்டும் ஓதக்கூடாது.
திருவாளர் ஹாலரன் பேனாவை மூடினார், டக்கென்று.
அந்தச் சத்தத்தை மொழிபெயர்க்க எனக்குச் சம்பளம் இல்லை.
இரண்டு பக்கத்துக்கும் புரிந்தது.

கடிகாரத்தில்தான் எல்லாம் உடைந்திருக்க வேண்டும்.
இவர்களுக்கு ஒரு நேரம், அவர்களுக்கு ஒரு நேரம்,
இரண்டுமே அணுவைக் கேட்டு வைத்தவை,
இடையில் சில நானோநொடிப் பிசகு.
ஒரு நானோநொடிக்குள் ஒளி
ஒரு சாணுக்கு மேல் நடந்துவிடும்.
யார் கடிகாரத்தை யார் திருத்துவது?

கடைசி வரிசையில்
மூன்று நாளாய் வாய் திறக்காத பொறியாளர்
கோடலீவ வெர்ஹுல்ஸ்ட்
சூயிங்கத்தைக் காகிதத்தில் மடித்துவிட்டுச் சொன்னாள்:
திருத்த வேண்டாம்.
வித்தியாசம் எவ்வளவு என்று அன்றாடம் அளந்து
சிக்னலோடு சேர்த்து அனுப்பிவிடலாம்.
பெட்டி கழித்துக்கொள்ளும்.

நான் மூன்று நொடி பிந்திவிட்டேன்.
இத்தனை வருடத்தில் அது ஒருமுறைதான்.

கையெழுத்து ஆனது. கோள்கள் ஏறின, ஒன்றொன்றாய்,
பட்ஜெட் வெட்டுகளுக்கு நடுவே.
பதினோரு வருடம் கழித்து ஒரு மே மாதம்
துவார்னனே துறைக்கு வெளியே
என் தம்பி கூல்வெனின் படகில் நான்.
மூடுபனி. நீட்டிய கை தெரியவில்லை.
தைவானில் செய்த பெட்டி, இருநூற்றுப் பத்து யூரோ,
திரையில் காய்ந்த மீன்செதில்.
இவர்கள் கோள் ஏழு, அவர்கள் கோள் ஐந்து,
பன்னிரண்டும் ஒரே பச்சையில்.
பாறைகளுக்கு இடப்புறமாக நுழைத்தான்,
விசிலடித்துக்கொண்டே.

'பிரஸ்ஸல்ஸில் அப்போது ராத்திரி ராத்திரியாக
என்னதான் செய்தீர்கள்?'
'ஒரு சொல்லுக்குக் காத்திருந்தோம்.'
'சாப்பாடு போட்டார்களா?'
'ஆறிப்போன சான்ட்விச்.'

அப்பாவின் பழைய படகை விற்ற பணத்தில்
ஆறு வருடம் பேசாமல் இருந்தவர்கள் நாங்கள்.
அதைப் பற்றி இன்றும் பேசவில்லை.

கேபின் கடிகாரம் பத்து ஏழு காட்டியது.
ஏழு நிமிடம் கூட்டியே வைப்பான், சின்ன வயதிலிருந்து.
'மணி பத்தாகிவிட்டது,' என்றேன்.
'ஆமாம்,' என்றான்,
கயிற்றை என் பக்கம் எறிந்தபடி.