பதினோரு முளைகள்

இருவர் படுக்கலாம் என்று பையில் எழுதியிருந்தது.
பர்ஹானா வேலூர்க் கடையின் தரையிலேயே
செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துப் பார்த்தாள்.
"இருவர்னா எந்த இருவர் தம்பி?
ராத்திரி முழுக்கப் புரளாத இருவரா?"
பையன் சிரித்தான்.
மூவர் கூடாரத்தை எடுத்து வைத்தான்.

பேரணாம்பட்டில் வண்டி நிற்கும் சந்தில்
ஈக்கோவின் பின்னிருக்கையைக் கழற்றி
டேப் வைத்து அளந்தேன்.
ஐந்தடி ஏழங்குலம்.
நான் ஐந்தடி ஒன்பது.
இரண்டு அங்குலத்துக்காக
ஒரு வீடு வாங்கியிருக்கிறோம்.

கூரைமேல் விரிகிற கூடாரத்தை
சுஹைல் செல்போனில் காட்டினான்.
ஏணி, மெத்தை, நட்சத்திரம் பார்க்க சன்னல்.
அந்த விலைக்கு
பழசில் இன்னொரு ஈக்கோவே வரும்.
தலைமேல் அத்தனை கனத்தை வைத்தால்
இரண்டாவது கொண்டை ஊசியிலேயே
இது மூச்சு வாங்கும் என்றேன்.
வண்டியைச் சொன்னேன்.

முனிரத்தினம் தக்காளி லாரிகளுக்குத் தார்ப்பாய் விற்பவர்.
"நீலம் வேணாம், ஒரு வெயிலுக்கு உரிஞ்சிடும்.
இந்தப் பழசை எடுங்க. மூணு மழை பார்த்தது.
புதுசுக்கு அந்தச் சாட்சி இல்ல பாருங்க."
முகர்ந்தேன்.
மெழுகு, டீசல், எப்போதோ நசுங்கிய தக்காளி.
தோல் ஊரில் பிறந்த மூக்கு,
விலை பேசுமுன் முகர்ந்துவிடும்.
வாங்கினேன்.
ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று
வீடுவரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

பத்தலப்பல்லி மலையேறி
சாவடி தாண்டியதும்
பெயர்ப்பலகைகளில் எழுத்து உருண்டுகொள்கிறது,
உச்சியில் ஒரு டிக் போட்டுக்கொள்கிறது.
கங்குலப்பாவின் கேழ்வரகுக் கொல்லை ஓரம்
இடம் கேட்டோம்.
"பரவாலேது" என்றார், தமிழிலும்
"அதுக்கென்ன" என்றார்.

பாறை.
பன்னிரண்டு முளைகளில் நான்கு வளைந்தன.
மிச்சத்தைப் பர்ஹானா கல்லால் அடித்து இறக்கினாள்,
யார்மீதோ கோபம் இருப்பதுபோல.
கூடாரம் ஒரு தோளைச் சாய்த்தபடி நின்றது.
வண்டியின் மேல்கம்பியிலிருந்து
தார்ப்பாயை நான் இழுத்துக் கட்டினேன்.
அதனடியில் அடுப்பு, டீ,
இரண்டு மடக்கு நாற்காலிகள்.
ஒன்று ஏற்கெனவே கிழிந்துவிட்டது,
எது என்று சொல்லமாட்டேன்.

ஒன்பதரைக்கு டார்ச் ஓடிவந்தது.
"ஏனுகுலு! மூணு! கேணிக்கு அந்தாண்ட!"
கையில் பட்டாசுக் கட்டு, காலில் செருப்பில்லை.
எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டேன்.
"பத்து நிமிசம். இல்லன்னா அஞ்சு."

எத்தனை மழை தாங்கும் என்று
பையில் எழுதியிருந்தது.
எத்தனை காற்று, எத்தனை கிலோ,
எத்தனை நிமிடத்தில் எழும்பும் என்றுகூட.
எத்தனை நிமிடத்தில் விழும் என்று
எங்கும் எழுதியிருக்கவில்லை.

தார்ப்பாய்க்கு உருவாஞ்சுருக்கு.
இரண்டு இழுப்பு, கீழே.
கூடாரமோ
ஜிப் துணியைக் கவ்விக்கொண்டு
கம்பி கம்பிக்குள் சிக்கிக்கொண்டு
போகமாட்டேன் என்றது.
பர்ஹானா முளைகளை மட்டும் பிடுங்கிக்கொண்டு
மீதியை அப்படியே வாரினாள்.
கம்பியோடு, போர்வையோடு,
உள்ளே கிடந்த என் ஒற்றைச் செருப்போடு.
பின்கதவு பாதி மூடியபடி
வண்டி கிளம்பியது.
பின்னால் பட்டாசு வெடித்தது.
யானையை நாங்கள் பார்க்கவில்லை.
கேழ்வரகுத் தாள் முறிகிற சத்தம் மட்டும்,
அவசரமே இல்லாமல்.

சாவடிப் பக்கத்து டீக்கடை ஷட்டர் முன்னால்
விளக்குக் கம்பத்தடியில் நிறுத்தினோம்.
ஐந்தடி ஏழில் ஐந்தடி ஒன்பதைக்
கோணலாய்க் கிடத்தினேன்.
கண்ணாடிகளில் தார்ப்பாயைச் செருகி மறைத்தோம்.
உள்ளே தக்காளி வாசம்.
அவள் மடியில் முளைகளைப் போட்டு
எண்ணிக்கொண்டிருந்தாள்.
பதினொன்று.
மறுபடி எண்ணினாள். பதினொன்று.

காலையில் போய்ப் பார்க்கலாமா என்றேன்.
"முளைதானே, மழை வந்தால் தழையட்டும்"
என்று சொல்லிப் புரண்டு படுத்தாள்.
புரள இடமில்லை.
இருந்தும் புரண்டாள்.