முற்குளம்

பெயர் சொல்லுங்க. நட்சத்திரம்?
கம்பிவலைக்கு அந்தப் பக்கமிருந்து
காலை ஆறு மணி முதல் வானம்
என் விசைப்பலகையில் உதிர்கிறது.

‘கேட்டை’ என்கிறார் லாரி ஓட்டுநர்,
ஏதோ நோயைச் சொல்வதுபோல் தணிந்து.
ஜ்யேஷ்டை, மூத்தவள். அவ்வளவுதான் அர்த்தம்.
கடலைக்காரி அவிட்டம்; பழந்தமிழில் அது காக்கை.
பரணி அடுப்பு, விசாகம் முறம், அனுஷம் பனை.
எங்கள் ஆட்கள் வானத்துக்குக் குடிபோனபோது
தட்டுமுட்டுச் சாமான்களையும் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

சிவந்தவள் என்று வடக்கே பெயரிட்ட ரோகிணியை
இங்கே சகடு என்றார்கள், வண்டி.
இரண்டும் சரி.
தை மாத இருட்டில் அண்ணாந்து பாருங்கள்,
அச்சாணி மட்டும் சிவப்பு.

மகத்துக்கு வாய்க்கால் என்றொரு பெயர் நிகண்டில் கிடக்கிறது.
வைத்தவன் கட்டாயம் கடைமடைக்காரன்.
முறைத் தண்ணீர் வரும்வரை
மண்வெட்டியை ஊன்றி நின்றவன்
வேறெங்கே பார்ப்பான்?

எனக்குப் பூராடம்.
ஜாதகக் கட்டத்தில் மட்டும் உத்திராடம்:
தரகர் கோதண்டபாணி எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டு
என் பிறப்பை இரண்டு மணிநேரம் தள்ளிவைத்தார்.
பூராடம் நூலாடாதாம். தாலிக்கயிறு கழுத்தில் தங்காதாம்.
தள்ளிவைத்த பிறகும் மூன்று வீட்டார் வந்து
வாழைக்காய் பஜ்ஜி தின்று
கை துடைத்துப் போனார்கள்.
ஒருவர் மட்டும் பஜ்ஜி நன்றாயிருந்தது என்று
போன் செய்து சொன்னார்.

இன்று ஆடி பதினெட்டு.
மேட்டூர் திறந்து பல நாளாகிறது.
புஷ்ய மண்டபத் துறையில் (புஷ்யம் பூசம்தான்,
அங்கே குளிக்கிறவர் யாரும் கேட்டுக்கொள்வதில்லை)
தண்ணீர் படியேறி நிற்கிறது, டிக்காஷன் கலங்கிய நிறத்தில்.
காப்பரிசி, காதோலை, கருகமணி,
அடித்துப்போகும் ஒற்றைச் செருப்பு.
திருமானூர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி
மஞ்சள் கயிற்றுக் கண்டை நீட்டி
‘கழுத்தக் காட்டு’ என்றாள். காட்டினேன்.
வருஷா வருஷம் யாராவது ஒருத்தி கட்டுகிறாள்.

திரும்பி வந்து சீட்டு அடிக்கும்போதுதான்
தேதியைப் படித்தேன், முதல்முறையாக.
ஆடி.
பௌர்ணமி என் மீனை ஒட்டி நிற்பதால் ஆஷாடம்,
ஆஷாடம் தேய்ந்து ஆடி.
காவிரிக்கு மசக்கை என்று ஊரே சோறு கட்டிக்கொண்டு வரும் மாதத்துக்கு
என் நட்சத்திரத்தின் பெயர்.
அதன் தேவதை தண்ணீர்.
அதன் தமிழ்ப் பெயர் முற்குளம்.
அ-ஷாடம் என்றால் அடக்க முடியாதது.
பதினோரு வருஷமாக நானே தட்டச்சு செய்கிறேன் இந்தத் தேதியை.

ஐந்து ரூபாயைச் சில்லறையாகப் பெட்டியில் போட்டேன்.
பெயர்: மரகதவல்லி.
பட்டியலில் உத்திராடத்துக்கு ஒரு வரி மேலே நிறுத்தி
அழுத்தினேன்.
அச்சு இயந்திரம் வழக்கம்போல் கடைசி எழுத்தைத் தின்றுவிட்டு
‘பூராட’ என்று துப்பியது.
போராட என்று படித்தார் குருக்கள்,
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்து
‘பூர்வாஷாடா நக்ஷத்ரே’ என்று நீட்டி முழக்கினார்
கல்மண்டபம் எதிரொலிக்க.

வரிசை நீண்டுவிட்டது.
பெயர் சொல்லுங்க. நட்சத்திரம்?
குனிந்து தட்டுகிறேன்.
இன்னும் ஈரம் காயாமல்
விசைகளுக்கு மேலே
நூல் ஆடுகிறது.