அறுநூற்று இருபது

ஸ்ரான்லி வீதிக் கடையில் யூட் அமலதாஸ் கேட்டார்:
"கேம் விளையாடவோ?"
வாசிக்க, என்றேன்.
"வாசிக்கப் புத்தகம் காணுமே"
என்று விலைப்பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

உரத்து வாசிக்க, அண்ணை.
கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம்.
ஒலிவாங்கி மேசைக்கு மேலே, பெட்டி மேசைக்குக் கீழே.
"கேள்வி நெகிழ்ச்சி" என்று சொல்லி
நான் மூச்செடுக்கிற இடத்தில்
அது தானும் ஏதோ சொல்லப் பார்க்குது.

அவர் சிரிக்கவில்லை. பேனையை எடுத்தார்.
அறுபத்தைந்து வாட்டுக்கு மேல் கோபப்படாத மூளை.
சுழலுகிற வன்தட்டு வேண்டவே வேண்டாம்.
வேலை குறைந்தால் தன் விசிறியைத் தானே நிறுத்துகிற மின்வழங்கி
(இதற்கு நான் இரண்டு மாதம் பொறுக்கவேண்டும்).
"சின்ன விசிறி கத்தும், பெரிய விசிறி பெருமூச்சு விடும்.
நூற்றி நாற்பது மில்லிமீற்றரில ரெண்டு போடும்."
விசிறியே இல்லாமல்?
"சித்திரையிலோ?"
அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை.

வெப்பம் உறிஞ்சும் தகட்டுக்கட்டு
கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது.
ஒன்றரைக் கிலோ, ஆறு செப்புக் குழாய்.
கோழிக்குஞ்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து வந்ததால்
தகடுகளுக்கிடையில் ஒரு மஞ்சள் தூவி.
ஊதிப் பார்த்தேன், வரவில்லை.
புருவம் பிடுங்கும் இடுக்கியால் எடுத்தேன்.

பிறகு அந்த வளைகோடு.
திரையில் ஐந்து புள்ளிகள், இழுத்த இடத்துக்கு வரும்.
நாற்பது பாகைவரை படுத்துக் கிட.
ஐம்பத்தைந்தில் எழும்பு. எழுபதில் ஓடு.
அறுவான் ஐம்பத்தைந்தின் வாசலில் நின்றுகொண்டு
ஐம்பத்துநாலு, ஐம்பத்தைந்து, ஐம்பத்துநாலு என்று
எழும்பி எழும்பிப் படுத்தான்.
ஒரே மாதிரியான சத்தத்தைக் காது மன்னிக்கும்,
மனம் மாறுகிற சத்தத்தை மன்னிக்காது.
பத்து வினாடி யோசித்துவிட்டு எழும்பு என்று சொல்லவும்
ஒரு கட்டம் இருந்தது. நிரப்பினேன்.

அறுநூற்று இருபது சுற்றில் பக்கத் தகடு அதிர்ந்தது.
அறுநூற்றுப் பத்தில் இல்லை.
அறுநூற்று நாற்பதில் இல்லை.
கொக்குவில் சந்தி சைக்கிள் கடையில்
பழைய ரியூப் துண்டொன்று கேட்டேன்.
"முன் சில்லோ பின் சில்லோ?"
சில்லே இல்லை என்றேன்.
பார்த்தான். காசு வாங்கவில்லை.
வளையம் வளையமாக வெட்டி
ஒவ்வொரு திருகாணிக்கும் அடியில் வைத்து இறுக்கினேன்.

அன்றிரவு ஒரு மணிக்கு
யன்னலைச் சாத்தி, சீலிங் விசிறியை நிறுத்தினேன்.
முழங்கை வியர்வை பொருளியல் இரண்டாம் பகுதியில் சொட்டியது.
திரையில் பச்சைக் கோடு
அடிமட்டம் வைத்து வரைந்ததுபோலக் கிடந்தது.
பல்லி சொன்னது, ஒரு மலை.
பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ், ஒரு வரம்பு.
பெட்டி?
குனிந்து தொட்டுப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது.
நாற்பது பக்கம் வாசித்தேன்.

மூன்றாம் நாள் கைதடியிலிருந்து தட்சாயினியின் குரல் வந்தது:
"அக்கா, புதுசு நல்ல துப்புரவு. ஆனா ஒண்டு.
முந்தி நீங்கள் நிப்பாட்டினா
பின்னால ஒரு 'ம்ம்' இருக்கும்.
அக்கா பக்கம் பிரட்டுறா எண்டு
பாத்துக்கொண்டு இருப்பன்.
இப்ப நீங்கள் நிப்பாட்டினா
ஃபோன் செத்துப்போச்சோ எண்டு தட்டிப் பாக்கிறன்."

இரண்டு தரம் கேட்டேன்.
இரண்டாவது தரம்
அவள் நிறுத்திய இடங்களில்
விடுதிக் குழாய் சொட்டுகிறதும் கேட்டது.

ஒரு புள்ளியை அறுநூற்று இருபதுக்கு ஏற்றினேன்.
நான்கு திருகாணியில் ஒன்றைக் கழற்றி
ரியூப் வளையத்தை எடுத்துவிட்டு
திரும்ப இறுக்கினேன், முழுதாக இல்லை.

வளையம் இப்போது அறுபத்தோராம் பக்கத்துக்கு அடையாளம்.
யூட் அண்ணை கேட்டால்
பெட்டி மூச்சே விடுவதில்லை என்றுதான் சொல்லுவேன்.