ஓரெழுத்துத் தீவு

பகல் பதினொன்றுக்கு
எபேனின் ஏழாம் மாடியில்
சுவீடனுக்கு விடியும்.
ஹெட்செட்டை மாட்டியதும் நான் மேகவதி இல்லை, மாயா.
அவர்கள் நாக்குக்கு அதுதான் சுலபமாம்.
வெப்பக் கருவி பழுதென்று அழைப்பவர்களிடம்
மன்னிப்புக் கேட்கப் பழகி மூன்று மாதம்.
கியூர்பீப் தூறலுக்கே ஸ்வெட்டர் தேடுபவள் நான்.

முதல் பாடத்தில் ஒரு சொல்.
உதடு ‘ஓ’ சொல்ல வேண்டும்,
நாக்கு ‘ஏ’ சொல்ல வேண்டும்,
இரண்டும் ஒரே நேரத்தில்.
பொருள்: தீவு.
அவ்வளவுதான், ஓரெழுத்து ஒருமொழி!
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
ஆ, ஈ, தீ, பூ என்று
நாற்பத்திரண்டையும் ஒப்பித்தவளுக்கு
நாற்பத்து மூன்றாவது கிடைத்துவிட்டது.
கைக்கண்ணாடியைப் பார்த்து
முத்தம் பழகுகிறாள் என்கிறான்
அடுத்த இருக்கை பிரவீஷ்.

அந்த நாவலைக் கொண்டுவந்தவள் சித்தி மகள்.
ஃபிளிக் ஆன் ஃபிளாக்கில் அறை சுத்தம் செய்கிறாள்;
யாரோ கட்டிலடியில் விட்டுப்போனது.
சன் க்ரீம் கறை, பக்கங்களுக்கிடையே மணல்,
அட்டையில் பனியும் ஒரு கடல்நாயும்.
பத்தாயிரம் ஆண்டுக்கு முந்திய கதை.
எனக்கு ஏன் பிடித்ததென்றால்
அதில் வருபவர்கள் என்னைப் போலவே பேசுகிறார்கள்:
நெருப்பு இல்லை.
கடல்நாய் வருகிறது.
நீ இரு.
நான் போகிறேன்.

இறந்தகாலம் பதினொன்றாம் பாடத்தில்தான்.
நான் இன்னும் எட்டில் நிற்கிறேன்.
அதனால் எனக்கு அங்கே எதுவும் முடிந்துபோகவில்லை.
பனி உருகுகிறது, உருகிக்கொண்டே இருக்கிறது.
பெயரில்லாத அந்தப் பெண்
ஈரப் பாசிக்குள் தணலை ஒளித்து
ரோஸ் ஹில் பேருந்தில்
என் மடியில் நடக்கிறாள்.

ஏழு என்பதற்கு அவர்களிடம்
எழுத்தில் அடங்காத ஓர் ஒலி.
எங்கள் ஆய்தம் எப்படி ஒலித்ததென்று
வாத்தியாரைக் கேட்டால் அவரும் மழுப்புவார்,
அப்படியொன்று.
பாட ஒலிப்பதிவு சொல்கிறது: மெழுகுவத்தியை அணைப்பதுபோல் ஊது.
எனக்கு வரவில்லை.
அவள் தணலை ஊதும் பக்கம் வந்தபோது
நானும் கூடவே ஊதினேன்.
வந்தது.
ஏழு, ஏழு, ஏழு என்று
பேருந்தில் ஊதிக்கொண்டே வந்தேன்.
முன்னிருக்கைக் கிழவர் ஜன்னலைச் சாத்தினார்.

நெருப்புக்கு ‘எல்டு’.
எல் என்றால் பகலொளி, நம் பழைய அகராதியில்.
உறவொன்றும் இருக்காது, தெரியும்.
இருந்தாலும் அடிக்கோடிட்டு வைத்தேன்.

இந்தத் தீவுக்குக் கற்காலம் கிடையாது.
தோண்டினால் பறவை எலும்புதான்.
கல்லைத் தூக்கிய முதல் கைகளுக்குச்
சம்பளப் பேரேட்டில் எண் இருந்தது.
கரும்பு வயல் நடுவே
அந்தக் கருங்கல் மேடுகள் இன்னும் நிற்கின்றன,
பேரேட்டில் மூட்டூ என்று ஒரு பெயர்,
எந்த மூட்டூ என்று யாருக்கும் தெரியாது.
அவர்களும் வந்திறங்கிய புதிதில்
மூன்று சொல்லில்தான் பேசியிருப்பார்கள்:
தண்ணீர் இல்லை.
கை வலிக்கிறது.
கணக்கு தப்பு.

நேற்று மாலை வடக்கிலிருந்து ஓர் அழைப்பு.
கருவி நின்றுவிட்டது, வெளியே மைனஸ் இருபத்தேழு,
அடுப்பில் விறகு பிடிக்கவில்லை,
குழந்தை அழுகிறது.
(குழந்தை அங்கேயும் அஃறிணைதான்.)
பழுது பார்ப்பவர் வர நான்கு மணி நேரம்.
அட்டையில் எழுதித் தந்த மன்னிப்பை
வாசிக்க வேண்டிய இடம் அது.
நான் கேட்டேன்: பிர்ச் பட்டை இருக்கிறதா?
மெல்லியதாக உரியுங்கள்.
கீழே வையுங்கள்.
தாழ்வாக ஊதுங்கள்.

சற்று நேரம் இரைச்சல்.
பிறகு பற்றும் சத்தம்,
அல்லது பற்றியதாக நான் நினைத்த சத்தம்.
இந்தச் சொல்லெல்லாம் யார் சொல்லித் தந்தது, மாயா?
ஒரு பெண், என்றேன். அவள் பனியில் நடக்கிறாள்.
நீ எங்கே இருக்கிறாய்?
உதட்டைக் குவித்து
அந்த ஓரெழுத்தைச் சொன்னேன்.

அவர் பதில் சொல்லவில்லை,
சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தார்.
முதல் மாதமென்றால் பயந்திருப்பேன்.
அந்தப் பக்கத்தில் அதற்கு
‘ஆம்’ என்று பொருள்.