மஞ்சள் பகுதி

எங்கள் வரைபடத்தில் வானத்துக்கு மூன்று நிறம்.
முருகேஷ்பாளையாவில் என் வாடகை வீட்டு மொட்டைமாடி
சிவப்பில் இருக்கிறது.
துணி காயப்போடலாம். சண்டை போடலாம்.
எதையும் பறக்கவிட முடியாது.

கோபுரத்தில் இது என் பதினோராவது ஆண்டு.
பெரியவை பேசும்.
பெயர், உயரம், போகிற ஊர், மிச்ச எரிபொருள்
எல்லாம் கேட்காமலே சொல்லும்.
காத்திரு என்றால் காத்திருக்கும்.
பருந்துகள் பேசாது,
ஆனால் அவற்றின் குணம் தெரியும்:
பத்து மணி வெயிலுக்குப் பிறகு
குப்பைமேட்டுக்கு நேர் மேலே
இறக்கை அசைக்காமல்.
அதையும் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

இது இரண்டிலும் சேராது.
ஒரு கிலோ தக்காளியைவிடக் கொஞ்சம் குறைந்த எடை.
ரேடாருக்கு அது தூசி.
இன்ஜினுக்குள் போனால் தூசி அல்ல.

தை மாதத்து ஞாயிறு, நல்ல முகூர்த்தம்,
காலை ஒன்பது இருபது.
ஹெலிகாப்டரை இறக்கிக்கொண்டிருந்த கேப்டன் மாச்சய்யா
இடப்பக்கம் வெள்ளையாக ஏதோ, பறவை இல்லை என்றார்,
சட்னியில் முடி கிடக்கிறது என்பதுபோல.
என் திரையில் எதுவும் இல்லை.
என் திரையில் எதுவும் இல்லை என்பதை
அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

மேலே போங்கள் என்றேன். போனார்.
பின்னால் வந்த சிறு விமானத்தை
ஹொஸகோட்டே பக்கம் சுற்றவிட்டேன்.
பதினான்கு நிமிடம்
ஓடுபாதையில் வெயில் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

மாலையில் காவல் நிலையம்.
ஆரோக்கியநாதன், கல்யாண வீடியோ,
காலருக்குள் இன்னும் ஒரு துண்டு ஜிகினா.
பதிவு எண் இல்லை. உரிமம் இல்லை.
விண்ணப்பம் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டதாம்.
"சத்திரத்துக்கு வாடகை கட்டினாங்க மேடம்,
அதுக்கு மேல இருக்கற வானத்துக்கு
யாருகிட்ட கேக்கணும்?"
பிரிவு எண்கள் என் நாக்கு நுனியில் இருந்தன.
என்னிடம்தான் என்றேன்.
சொன்ன பிறகு எனக்கே கூச்சமாக இருந்தது.

சாட்சிக்காக அந்த வீடியோவைப் போட்டார்கள்.
தாலி. அட்சதை. குனிந்தே இருக்கும் மணப்பெண்.
பிறகு ஏமலூர் முழுக்க மெல்லக் கீழே இறங்கியது:
தென்னைகள், கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள்,
சோப்பு நுரை மிதக்கும் ஒரு கால்வாய்.
ஓரத்திலிருந்து ஹெலிகாப்டர் நுழைந்தது.
இவ்வளவு பக்கத்தில் என்று
அறிக்கையில் எழுத அளவு கிடையாது.
மாச்சய்யாவின் கறுப்புக் கண்ணாடி தெரிந்தது.
ஆரோக்கியநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கும் பின்னால், தூரத்தில்
தீப்பெட்டி அளவு கண்ணாடி அறை.
அதற்குள் ஒரு புள்ளி நின்றுகொண்டிருந்தது.
அந்த நேரத்தில் அங்கே பணியில் இருந்தவள் நான்தான்.
நான்கு வினாடி.
பதினோரு ஆண்டில் என்னை வேலையில் எடுத்த ஒரே படம்
வழக்குச் சொத்தாக உறையில் போய் முத்திரை வாங்கியது.

அபராதம் கட்டினான். தேர்வு எழுதினான்,
இரண்டாம் முறை தேறினான் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

ஆவணியில் கோபுரத்துக்கு ஒரு தொலைபேசி.
வர்த்தூர் ஏரிக்கரை, மஞ்சள் பகுதி,
நூற்று இருபது அடி, நாற்பது நிமிடம்,
கேட்பவர் ஆரோக்கியநாதன்.
பின்னணியில் நாதஸ்வரம்,
யாரோ ஒருவர் மாப்பிள்ளையின் செருப்பைத் தேடுகிற சத்தம்.

காத்திருங்கள் என்றேன்.
மாச்சய்யா இறங்க வேண்டியிருந்தது.
ஆறு நிமிடம் அவன் இணைப்பைத் துண்டிக்கவில்லை,
மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது.
முகூர்த்தம் போயிடும் மேடம் என்று ஒருமுறை சொன்னான்,
சத்தமில்லாமல், தனக்கே சொல்வதுபோல.

சக்கரங்கள் தரையைத் தொட்டன.
ஏற்றிக்கொள்ளுங்கள்.

திரையைப் பார்த்தேன். எதுவும் இல்லை.
எங்கே இல்லை என்று
இப்போது தெரியும்.