சாய்வு

மணல் மூட்டை வண்டி வரவில்லை.
ஷார்ஜா சாலையில் டயர் வெடித்து நிற்கிறதாம்.
பத்து மணிக்குக் காற்று எழும்பிவிடும்.
கேம்ப்பிலிருந்து ஆட்களைக் கூப்பிடு என்றார் ஷெரீன்,
ஓர் ஆளுக்கு இரண்டு குழந்தை என்று கணக்கு வை.

உம்முல் குவைன் காயல்
எண்ணெய் தடவிய தகரமாய்க் கிடந்தது.
அதன்மேல் எங்கள் பள்ளிக்கூடம்:
நுரை அடைத்த கான்கிரீட் பெட்டிகள் பதினாறு,
தூண்களில் வழுக்கி ஏறும் இரும்பு வளையங்கள்,
கரைக்கும் வாசலுக்கும் நடுவே
முழங்கால்போல் மடங்கும் ஒரு பாலம்.

போன ஏப்ரலில் ஒரே நாள் மழை.
பழைய பள்ளியில் கரும்பலகையின் பாதிவரை தண்ணீர்,
பதினோரு நாள் வற்றவில்லை.
அட்லஸ்கள் ஊறிப் பெருத்து
தேசங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.
பிரித்தபோது கிழிந்தன.

நூற்றைந்து பேர் வந்தார்கள், இரண்டு பஸ்ஸில்.
யாரும் சொல்லாமலே
வாசலில் பூட்ஸைக் கழற்றினார்கள்.
எனக்கு அது சிக்கல்.
பூட்ஸோடுதான் எடை எடுத்திருந்தேன்.
மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
வைத்துக்கொண்டார்கள், டிபன் பெட்டி மாதிரி.

குல் ஜமான்
முழங்கால் நெஞ்சில் இடிக்க
இரண்டாம் வகுப்பு பெஞ்சில் மடங்கினான்.
இசக்கிமுத்து நேராகக் கடைசி வரிசைக்குப் போனான்.
"பழக்கம் சார்."

கிழக்கு ஜன்னலுக்குப் போங்கள் என்றேன்.
எழுந்தார்கள், வரிசையாகப் போனார்கள்.
எண்ணெய் வாளிக்குள் தொங்கிய குண்டு
மெல்ல நகர்ந்து நின்றது.
இரண்டு டிகிரி. அனுமதி மூன்று.
ஷெரீன் பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் மேற்கே எவனோ கத்தினான்: ஆமை!

நூற்றைந்து பேரும் ஓடினார்கள்.
பூட்ஸ்கள் உருண்டன, பெஞ்சுகள் இடித்தன,
என் பென்சில் மேஜையிலிருந்து ஓடிப்போனது,
தளம் பெருமூச்சு விட்டதுபோல் சாய்ந்தது.
மூன்றே முக்கால்.
ஜன்னல் ஜன்னலாகத் தலைகள்.
சதுப்பு வேர்களுக்குப் பக்கத்தில்
ஒரு பச்சை முதுகு,
எங்களைக் கவனிக்காமல், புல் மேய்ந்துகொண்டு.

மேற்கு ஜன்னலை அடைத்துவிடலாம்,
மலிவு, என்றார் ஷெரீன்.
தப்பில்லை. அவருக்கும் மேலிடம் உண்டு.

நான் நடந்து போவதைக் கணக்கிட்டிருந்தேன்.
ஓடுவதை இல்லை.
நடக்கும் குழந்தையை
எந்த ஊரில் பார்த்தேன்?

இரவு முழுக்க உட்கார்ந்து
மேற்கு ஓரத்தில் நான்கு பெட்டி கூட்டினேன்.
ஜன்னல்கள் இருந்த இடத்திலேயே.
திருத்தத்துக்கான காரணம் என்ற கட்டத்தில்
காற்று என்று எழுதி, அடித்து,
ஆமை என்று எழுதினேன்.

கையெழுத்து இன்னும் வரவில்லை.