இடப்பக்கச் சிக்னல்

சில்லு தெருவில் பட்டால் குற்றம்.
இலக்கத் தகடு கிடையாது,
அதனால் லொறியின் முதுகிலேறி வந்தது
றேஸ்கோஸ் திடலுக்கு என் கார்.
பாயிஸ் நானா கயிறவிழ்க்கும்போதே
முதல் கேள்வி வந்தது:
"நானா, இது எந்த நாட்டுச் சாமான்?"
அவர் வெற்றிலையை
ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றி
"இத்தாலி" என்றார்.

ஜம்பட்டா வீதி ஒழுங்கையில் நாலு வருஷம்,
ஞாயிறு பூசை முடிந்த பின்.
கிரைண்டர் சத்தத்துக்காக
மேல்மாடி மிஸிஸ் பெர்னாண்டோ
இரண்டு தரம் பொலிசுக்குப் போனார்.
மூன்றாம் தரம் என்னிடம் வந்தார்,
கேற் பூட்டை அறுக்க
அதே கிரைண்டரை இரவல் கேட்டு.
எஞ்சின் ஓட்டோவினுடையது.
கதவுகள் வெவ்வேறு மொறிஸ் மைனர்களில் இருந்து.
இன்னும் சமாதானமாகவில்லை அவை,
வலதில் சாய்ந்தால் இடது திறக்கும்.
பஞ்சிகாவத்தையில் ஆறாவது கடையில்
முன்விளக்கு ஒன்றுக்கு ஒரு விலை சொன்னான்.
சோடி வேண்டுமென்றதும்
மற்றதற்கு இரட்டிப்பாய்ச் சொன்னான்.
ஒற்றைக் கண்ணோடு
எட்டு மாதம் நின்றது கார்.

பதிவு மேசைப் படிவத்தில்
'தயாரித்த நிறுவனம்' என்றொரு கட்டம்.
கொறற்றி என்று எழுதினேன்.
"கொரியாவா மிஸ்?" என்றான் பையன்,
வெளிநாட்டு வரிசையில் நிறுத்தினான்.

ஒரு பக்கம் பென்ஸ்.
மறுபக்கம் ஜாகுவார்,
அதன் சொந்தக்காரர் வரவில்லை.
துடைக்க வந்தவன் மட்டும்
பளபளக்கும் கதவில் முகம் பார்ப்பவன் போல
என் காரை ஒளித்து ஒளித்துப் பார்த்தான்.

லீற்றருக்கு எவ்வளவு ஓடும்,
விற்கிற எண்ணமா,
மெய்யாகவே ஓடுமா...
எல்லாம் பாயிஸ் நானாவிடம்.
பதினொரு மணிக்கு இத்தாலி ருமேனியாவானது.
நான் துணியோடு நிற்கிறேன்.
ஒருத்தி தன் போனை என் கையில் தந்து
குடும்பத்தோடு காரின் முன் நின்றாள்.
நாலு படம் எடுத்தேன், நல்லாகவே வந்தது.
அவள் மகன் ஐஸ்பழக் கையைப்
பொனற்றில் துடைத்துவிட்டுப் போனான்.

நடுவர்கள் மூன்று பேர்.
"பெயின்ற் ஒரிஜினலா?"
"சமையலறைக் கதவுக்கு அடித்த மிச்சம்."
"மற்றதெல்லாம்?"
"எல்லாம் ஒரிஜினல்தான் சேர்,
வேறு வேறு வண்டிகளில்."
ஒருவர் சிரித்தார்.
எவரும் எதையும் எழுதவில்லை.

நாலு மணி இருக்கும்.
வெள்ளைக் காற்சட்டைக்காரர் ஒருவர்
புல்லில் மல்லாந்து
காருக்கடியில் நுழைந்தார்.
வெகுநேரம் கால்கள் மட்டும் தெரிந்தன.
வெளியே வந்தவர் நேராக என்னைப் பார்த்தார்,
தேடித் தேடிச் சேர்த்த தமிழில்:
"இடது பின்சில்லுக்கு மேலே ஒரு வெல்டிங்.
அது மட்டும் சரியில்லை. ஏன்?"

மூன்று தரம் பூச்சடித்து மறைத்தது அது.

"பாதியில் கரண்ட் போனது" என்றேன்.
"இரண்டரை மணித்தியாலம்.
திரும்பி வந்தபோது
விட்ட இடத்தைக் கை மறந்துவிட்டது."
அவர் தலையசைத்தார்.
"எனக்கும் அப்படி ஒன்று இருக்கிறது,
கொலன்னாவையில், ஒரு தண்ணீர்த் தாங்கியில்.
யாருக்கும் சொல்லவில்லை."
முதுகெல்லாம் புல்லோடு போய்விட்டார்.
பெயர் கேட்கத் தோன்றவில்லை.
அன்று முழுக்க
எதற்காக நின்றேனோ அது கிடைத்துவிட்டதுபோல்
பசித்தது எனக்கு.

கிண்ணம் பென்ஸுக்கு.
எனக்குப் பங்குபற்றிய சான்றிதழ்:
திரு. கொரட்டி.
மையைக் கரைத்துக்கொண்டு மழை வந்தது.

"முன்னுக்கு ஏறுங்க" என்றார் பாயிஸ் நானா.
நான் பின்னால் ஏறி
என் காருக்குள் உட்கார்ந்தேன்.
பொரளைச் சந்தியில்
லொறி இடப்பக்கம் திரும்பப்போவது தெரிந்து
நானும் ஸ்ரியறிங்கைத் திருப்பினேன்,
சிக்னல் போட்டேன்.
பின்னால் வந்த நூற்றியெழுபத்தாறு பஸ்
பிரேக் அடித்து வழி விட்டது,
லொறிக்கா எனக்கா தெரியாது.
வலப்பக்கமாய்ச் சாய்ந்து
கையை வெளியே நீட்டி நன்றி காட்டினேன்.
இடது கதவு திறந்துகொண்டது.